முதன்மைத் தானம்: ஒரு வாக்கியத்தை வாசித்தல்



இலக்கியத் தொடர் ஒன்றில் நாட்டின் அரசியலமைப்பைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கவிதையும் சிறுகதையும் பேசப்படுகின்ற நேரத்தில் சட்டப் புத்தகம் எதற்கு என்று கேட்பீர்கள். சட்டமும் சொற்களால் ஆனதே என்பதுதான் எனது பதில். கவிதையில் ஒரு சொல் பிசகினால் வாசகன் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். அரசியலமைப்பில் ஒரு சொல் மாறினால் அதற்குள் குடியிருப்பவன் எங்கே போவான்? ஆகவே இன்று ஒரேயொரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, செய்யுளுக்கு உரை காண்பதுபோலப் பதம் பிரித்து வாசித்துப் பார்க்க எண்ணுகிறேன்.

இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையே அந்த வாக்கியம். அதன் பொருளைச் சுருக்கமாகச் சொல்வதானால், இக்குடியரசு பௌத்த மதத்துக்கு முதன்மையான இடத்தை வழங்க வேண்டும். புத்த சாசனத்தைப் பாதுகாப்பதும் பேணி வளர்ப்பதும் அரசின் கடமை. அதேவேளை எல்லா மதங்களுக்கும் வேறு இரு உறுப்புரைகளில் கூறப்பட்ட உரிமைகள் உறுதிசெய்யப்பட வேண்டும் என்பதாகும். 1972ஆம் ஆண்டு முதலாவது குடியரசு யாப்பில் 6ஆம் பிரிவாகப் பிறந்த இவ்வாக்கியம், 1978இல் சில மாற்றங்களுடன் இன்றைய இடத்துக்கு வந்தது. பௌத்தம் அரச மதமாகிவிட்டது என்று இதைக் கொண்டு சிலர் சொல்வர். இல்லை, இது முதலிடம் மட்டுமே, ஆகவே அரச மதமாக வெளிப்படையாகப் பிரகடனம் செய்யுங்கள் என்று வேறு சிலர் கேட்பர். இந்த வாக்கியமே வேண்டாம் என்போரும் உளர். ஒரு நாட்டுக்கு மதம் என்று ஒன்று இருக்க வேண்டுமா என்ற பெரிய விவாதம் நமது நாட்டில் இந்தச் சிறிய வாக்கியத்தைச் சுற்றியே நடந்து வருகிறது.

முதலில் சொற்களைக் கவனிப்போம். அரசியல் நிர்ணய சபையின் முன் வைக்கப்பட்ட அடிப்படைத் தீர்மானத்தில் பௌத்தத்துக்கு ‘உரிய இடம்’ என்றுதான் இருந்தது. இறுதி வடிவத்தில் அது ‘முதன்மையான இடம்’ ஆயிற்று. உரியது எது என்பதைப் பற்றிப் பேசலாம், வாதிடலாம். முதன்மை என்று சொல்லிவிட்டால் இரண்டாவது, மூன்றாவது என்று ஒரு வரிசை தானாகவே உண்டாகிவிடுகிறது. அவ்வாறே 1972இல் அரசு பாதுகாக்க வேண்டியது ‘பௌத்த மதம்’. 1978இல் அது ‘புத்த சாசனம்’. மதம் என்றால் போதனை என்று கொள்ளலாம். சாசனம் என்னும்போது சங்கம், விகாரை, விகாரைக்குரிய நிலபுலம், மரபு யாவும் அதற்குள் அடங்கிவிடும். ஒரு சொல்லை மாற்றியதில் அரசின் கடமை எவ்வளவு தூரம் விரிந்துவிட்டது பாருங்கள்.

தமிழ் வாசகருக்கு இன்னுமொரு சொல்லும் சுவையானது. உறுப்புரையின் தமிழ் வடிவத்தில் ‘முதன்மைத் தானம்’ என்று வருகிறது. ஸ்தானம் என்ற சொல் தமிழில் தானம் என வழங்கும். இடம் என்பது பொருள். மொழிபெயர்த்தவர் கருதியதும் அதுவே. ஆயினும் தானம் என்றதும் கொடை என்ற பொருளும் நமக்கு நினைவு வராமற் போவதில்லை. அப்படி வாசித்தாலும் குடி முழுகிப் போவதில்லை, உண்மை ஒன்று வெளிப்படும். கொடுப்பவர் அரசு, வாங்குபவர் மதம். கொடுக்கும் கை மேலே இருக்கும், வாங்கும் கை கீழே இருக்கும். அரச மதம் என்ற ஏற்பாட்டில் மதம் அரசுக்கு மேலே போய்விடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நடப்பது பெரும்பாலும் மறுதலை என்பதை எங்கள் மாத்தளை மாவட்டத்தின் வரலாறே காட்டும்.

மாத்தளை நகரிலிருந்து வடக்கே செல்லும் ஏ-9 வீதியில் சற்றுத் தூரம் போனால் அலுவிகாரை வரும். வாய்மொழியாகக் காக்கப்பட்டு வந்த திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இந்தக் குகைகள் என்பது மரபு. கி.மு. முதலாம் நூற்றாண்டு, வலகம்பா மன்னன் காலம். போரும் கொடிய பஞ்சமும் நாட்டை வாட்டியிருந்தன. மனப்பாடமாகத் திரிபிடகத்தைச் சுமந்த பிக்குகள் மடிந்தால் போதனையும் அவர்களோடு மடிந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. மகாவம்சம் இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது, அறம் நிலைக்க வேண்டும் என்பதற்காகப் பிக்குகள் ஒன்றுகூடி எழுதிவைத்தனர் என்றே சொல்கிறது. அரசன் ஆணையிட்டான் என்று அங்கே இல்லை. பௌத்தத்தின் மிகப் பெரிய பாதுகாப்பு வேலை ஒன்று சிம்மாசனத்தின் நிழலில் நடக்கவில்லை. ஓலையும் எழுத்தாணியும் கொண்டு குகையில் நடந்தது. எழுத்தை நேசிக்கின்ற எவரும், அவர் எம்மதத்தவராயினும், இந்த இடத்தில் பெருமை கொள்ளலாம்.

அதே வீதியில் மேலும் வடக்கே நாலந்தா. அங்கேயுள்ள ‘கெடிகே’ ஒரு பௌத்த வழிபாட்டு இல்லம். ஆனால் கட்டடம் பல்லவர் பாணியை நினைவூட்டும் திராவிடக் கட்டடம். போவதன்னை நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதபடி கல் கல்லாகப் பெயர்த்து உயரமான இடத்தில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அதைக் கட்டிய சிற்பிக்கு இந்தக் கல் எந்த மதத்துக்குரியது என்ற ஐயம் எழுந்ததாகத் தெரியவில்லை.

அப்பால் தம்புள்ளை. அந்தக் குகை விகாரையில் புத்தர் சிலைகளோடு விஷ்ணுவும் இருக்கிறார். இன்று நாம் காணும் ஓவியங்களிற் பெரும்பகுதி கண்டியை 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் புதுக்கி வரையப்பட்டவை. அவன் தென்னிந்திய நாயக்கர் குலத்தவன். அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் துறவற மரபை 1753இல் சீயம் நாட்டுப் பிக்குகளை வரவழைத்து மீட்டவனும் அவனே. இவ்வளவு செய்தும், அவன் திருநீறு பூசுவதை விடவில்லை என்ற மனக்குறை இருந்தது. 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்தபோது அதில் பிக்குகளுக்கும் பங்கிருந்தது. அரசனுக்கு ஒரு மதம் கட்டாயம் என்றாகிவிட்டால், அவன் எவ்வளவு செய்தான் என்பதைவிட அவன் நெற்றியில் என்ன இருக்கிறது என்பது பெரிதாகிவிடுகிறது.

இன்னொரு காட்சியும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கலேவலைப் பக்கம் வாஹாகோட்டை என்றொரு கத்தோலிக்கக் கிராமம். அந்தோனியார் ஆலயத்தால் பெயர் பெற்றது. கண்டி இராச்சியத்தில் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயக் கத்தோலிக்கரின் வழிவந்தோர் தாங்கள் என்று அம்மக்கள் சொல்வர். கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1692இல் கண்டிக்குள் புகுந்த யோசே வாஸ் அடிகளாரைப் பௌத்த மன்னன் பணியாற்றவிட்டான். கிறிஸ்தவ அரசு கிறிஸ்தவரை விரட்டியது. பௌத்த அரசு அடைக்கலம் கொடுத்தது. பெருந்தன்மைதான். ஆயினும் 1740களில், வேறொரு மன்னனின் காலத்தில், கத்தோலிக்கக் குருமார் கண்டியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். அரசனின் தயவில் கிடைத்த இடம் அரசனோடு போய்விடும். தயவு வேறு, உரிமை வேறு என்ற பாடத்தை இதிலே படிக்கலாம்.

இப்போது மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். அரச மதம் வேண்டும் என்று கேட்கும் பௌத்தரின் மனத்தில் ஒரு காயம் இருக்கிறது. அது கற்பனைக் காயம் அன்று. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒப்பமிட்ட பிரதானிகளுள் மாத்தளைத் திசாவை இரத்வத்தையும் ஒருவர். அதன் 5ஆம் பிரிவு பௌத்த மதம் மீறப்படலாகாதது என்றும், அதன் சடங்குகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணப்படும் என்றும் உறுதி கூறிற்று. தங்கள் நாட்டைக் கொடுத்தவர்கள் அந்த ஒரு வாக்கைப் பிடியாக வைத்துக்கொண்டார்கள். 1818 கிளர்ச்சி அடக்கப்பட்டதும் வந்த பிரகடனம் அந்த வாக்கின் வலுவைக் குறைத்தது. பின்னர் மிஷனரிமாரின் வற்புறுத்தலால், 1840களில், விகாரைகளோடும் தந்த தாதுவோடும் இருந்த தொடர்பை ஆங்கில அரசு அறுத்துக்கொள்ள முயன்றது. அதே அரசு அங்கிலிக்கன் திருச்சபைக்குப் பொதுப் பணத்தில் சம்பளம் கொடுத்து வந்தது. 1881இல்தான் அந்த ஏற்பாட்டை முடிக்கச் சட்டம் வந்தது. ஒருவன் மதத்தைக் கைகழுவிவிட்டு மற்றவன் மதத்துக்குச் சம்பளம் கொடுப்பதை நடுநிலை என்று யார் ஒப்புவார்கள்?

1848இல் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. துப்பாக்கி வரி, நாய் வரி, வீதி வரி என்று வரிக்கு மேல் வரி. கோப்பித் தோட்டங்களுக்காகக் கிராமத்தாரின் காடும் சேனையும் முடிக்குரிய காணி என்று பறிக்கப்பட்டன. 1848 யூலை 26இல் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் அரசனாக முடிசூட்டப்பட்டான். சில நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். அதே மாதம் 26இல் கடஹபொல என்ற பிக்கு, காவியுடையோடேயே, கண்டியில் சுடப்பட்டார். அலுவிகாரையின் ஏடுகள் அந்தக் கலவரத்தில் அழிந்தன என்பர். இந்த வரலாற்றை அறியாமல், பௌத்தர்கள் ஏன் பாதுகாப்புக் கேட்கிறார்கள் என்று அலட்சியமாகக் கேட்பது தகாது.

ஆனால் அந்தக் கோப்பியே இன்னொரு கூட்டத்தையும் மாத்தளைக்குக் கொண்டு வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மலைநாட்டின் வாசலாகிய மாத்தளையை அடைந்த தமிழகத்துக் கூலிகள் அவர்கள். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. எஞ்சியவர்கள் தங்களோடு மாரியம்மனைக் கொண்டு வந்தார்கள். நகரில் இன்று வானளாவி நிற்கும் ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மூலம் அதுவே. காணி பறிபோன சிங்களக் கிராமத்தானும் அந்தக் காணியில் கொத்துப் போட வந்த தமிழ்க் கூலியும் ஒரே துரையின் ஒரே கணக்குப் புத்தகத்தில் இரு பக்கங்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நமது வாக்கியத்துக்குத் திரும்புவோம்.

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு வேறு விதமாக எழுதப்பட்டிருந்தது. எந்த மதத்தின் சுதந்திரத்தையும் தடுக்கின்ற சட்டம் ஆகாது. ஒரு மதத்தாருக்கு இல்லாத சலுகையை இன்னொரு மதத்தாருக்கு வழங்கும் சட்டமும் ஆகாது என்று அது பாராளுமன்றத்தின் கையைக் கட்டியது. கட்டு நல்ல கட்டுத்தான். ஆனால் 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியபோது அந்தக் கட்டு அவர்களைக் காக்கவில்லை. மதத்தின் பெயரையோ இனத்தின் பெயரையோ சொல்லாமலே ஒரு சமூகத்தை வெளியே தள்ளச் சட்டத்துக்கு முடிந்தது.

பின்னர் காற்று மாறியது. 1956இல் வெளியான பௌத்த விசாரணைக் குழுவின் அறிக்கை, குடியேற்ற ஆட்சியில் பௌத்தத்துக்கு நேர்ந்த குறைகளைப் பட்டியலிட்டது. 1960, 1961இல் பாடசாலைகள் அரசின் வசமாயின. 1966இல் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டுப் போயா நாள் வார விடுமுறையாயிற்று. சந்திரன் நமது கந்தோர்க் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. ஒரு வாரம் ஆறு நாள், ஒரு வாரம் எட்டு நாள் என்று வேலை நாட்கள் குழம்பின. வெளிநாட்டு வணிகமும் தடுமாறிற்று. 1971இல் மறுபடியும் ஞாயிறே வந்தது. இந்த ஐந்தாண்டுப் பரிசோதனையால் எவராவது கூடுதலாகச் சில் அனுட்டித்தார்களா என்பதைப் பௌத்தர்களே சொல்ல வேண்டும்.

1972இல் நமது வாக்கியம் பிறந்தது. குடியரசு மதச்சார்பற்றதாக இருக்கட்டும், நான்கு மதங்களையும் பேணட்டும் என்று தமிழரசுக் கட்சி முன்வைத்த யோசனை ஏற்கப்படவில்லை. யாப்பை ஆக்கும் பொறுப்பை வகித்த அமைச்சர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவோ சமசமாஜக் கட்சியின் இடதுசாரி. தாம் மதச்சார்பற்ற அரசிலேயே நம்பிக்கை உள்ளவர் என்றும், யாப்பை ஓர் அமைச்சர் தனியே ஆக்குவதில்லை என்றும் அவர் பின்னாளில் விளக்கம் சொன்னார்.

நேயர்களே, இந்த வாக்கியத்தின் பிற்பகுதியைத்தான் இதுவரை யாரும் போதிய கவனத்தோடு வாசிக்கவில்லை என்பது என் எண்ணம். முற்பகுதியில் பௌத்தத்துக்கு முதலிடம். பிற்பகுதியில் எல்லா மதங்களுக்கும் உரிமை உறுதி. தராசில் இது எதிர்த்தட்டு. ஆனால் அந்த உரிமையைத் தேடி 18ஆம் பிரிவுக்குப் போனால், சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் ‘ஒவ்வொரு பிரசைக்கும்’ உரியது என்றிருந்தது. பிரசைக்கு! மாத்தளையின் மலைகளில் மாரியம்மனுக்குத் தீ மிதித்தவர்களிலும் காவடி எடுத்தவர்களிலும் பெருந்தொகையானோர் அன்று பிரசைகள் அல்லர். 1964 ஒப்பந்தப்படி யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று தரம் பிரிக்கப்பட்டுக் காத்துக் கிடந்தவர்கள். எதிர்த்தட்டில் வைத்த படிக்கல் அவர்களுக்கு எட்டவேயில்லை.

1978 யாப்பு இதைச் சற்றுத் திருத்தியது. மனச்சாட்சிச் சுதந்திரத்தை 10ஆம் உறுப்புரையால் ‘எல்லா ஆட்களுக்கும்’ வழங்கியது. ஆனால் மதத்தை வெளியே, பிறரோடு கூடி, வழிபாட்டாலும் அனுட்டானத்தாலும் வெளிப்படுத்தும் உரிமை 14ஆம் உறுப்புரையில் பிரசைகளுக்கே இருந்தது. நாடற்றவராய் இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கு அந்த உரிமை பத்து ஆண்டுகளுக்கு மட்டும் நீட்டப்பட்டது. மனத்துக்குள் அம்மனைக் கும்பிடலாம், என்றென்றைக்கும். தேர் இழுப்பதற்கான அடிப்படை உரிமைக்கோ பத்து வருடத் தவணை. 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தன. மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் போன்ற நம் எழுத்தாளர்களின் தோட்டத்துக் கதைகளை வாசித்தவர்களுக்கு, கடதாசி இல்லாத மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கோயில் இருந்தது, தெய்வம் இருந்தது, திருவிழா இருந்தது. கும்பிட்ட மனிதன் மட்டும் சட்டத்தின் கண்ணுக்குப் பாதி மனிதனாக இருந்தான். 1983 யூலையில் மாத்தளை எரிந்தபோது முத்துமாரியம்மன் கோயிலின் தேர்களும் எரிந்தன. எல்லா மதங்களுக்கும் உறுதி என்று எழுதிய வாக்கியம் அன்று புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

நீதிமன்றங்களில் இவ்வாக்கியம் பட்ட பாட்டையும் இரண்டு வழக்குகளால் சொல்லிவிடலாம். 2003இல், மென்சிங்கன் அருட்சகோதரிகள் எனப்படும் கத்தோலிக்கத் துறவியர் சபையைக் கூட்டிணைப்பதற்கான சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. பிள்ளைகளுக்குக் கற்பித்தும் நோயாளருக்குத் தொண்டு செய்தும் வந்த சபை அது. சட்டமூலம் 9ஆம் உறுப்புரைக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, அச்சகோதரிகளின் உரிமை மீறப்பட்டது என்று கருத்துரைத்தது. முதலிடம் என்பது வெறும் மரியாதைச் சொல் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றது 2004ஆம் ஆண்டு விவகாரம். அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் ஜாதிக ஹெல உறுமயவின் ஒன்பது பிக்குகள் பாராளுமன்றம் சென்றார்கள். பௌத்தத்தை நாட்டின் உத்தியோகபூர்வ மதமாக்க அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலம் ஒன்றை அக்கட்சி கொண்டு வந்தது. பௌத்தர்களிடையே வேறு மதத்தைப் பரப்பலாகாது என்று அதில் ஒரு விதி. அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் அதில் இன்னொரு விதியும் இருந்தது: பௌத்தர்கள் தங்கள் பிள்ளைகளைப் பௌத்தர்களாகவே வளர்க்கக் கட்டுப்பட்டவர்கள். எங்கோ கேட்டது போல இருக்கிறதா? நோர்வே நாட்டின் பழைய யாப்பில் லூதரன் திருச்சபைக்காக எழுதப்பட்டிருந்த விதியும் இதுவே. நோர்வே தன் விதியை 2012இல் கைவிட்டது. இங்கே உயர் நீதிமன்றம், இச்சட்டமூலத்துக்குப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் அதன்மேல் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்று தீர்மானித்தது. அது நிறைவேறவில்லை.

அந்த விதியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். உத்தியோகபூர்வ மதம் முதலில் யாரைக் கட்டுகிறது? இந்துவையல்ல, இஸ்லாமியரையல்ல, பௌத்தத் தாயையும் தந்தையையும். தானே வந்து பார், சோதித்து ஏற்றுக்கொள் என்று அழைத்த போதகரின் பாதைக்குப் பிள்ளைகளைச் சட்டத்தால் பிடித்து நிறுத்துவதா? கொடுக்கும் கை மேலே என்று சொன்னேனே, அதன் பொருள் இதுதான். தானம் கொடுத்த அரசு, தானம் வாங்கிய மதத்தின் வீட்டுக்குள் வந்து பாய் விரித்துக்கொள்ளும். எது சரியான பௌத்தம், யார் நல்ல பௌத்தர் என்பதை விகாரை சொல்லாது, கந்தோர் சொல்லும். அரசியலும் காவியும் நெருங்கினால் என்னவாகும் என்பதற்கு 1959ஐ விடவா சான்று வேண்டும்? பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டவர் ஒரு பிக்கு. சதிக்காகத் தண்டிக்கப்பட்டவர் களனி விகாராதிபதி.

அண்டை நாடான பர்மா இன்னும் தெளிவாகப் பாடம் சொல்கிறது. பக்திமானாகிய பிரதமர் ஊ நு 1961இல் பௌத்தத்தை அரச மதமாக்கினார். கிறிஸ்தவர் மிகுந்த கச்சின் மக்களின் கிளர்ச்சிக்கு அது எண்ணெய் வார்த்தது. ஆறேழு மாதங்களில், 1962 மார்ச்சில், இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அரச மதம் ஊ நுவையும் காக்கவில்லை, நாட்டையும் காக்கவில்லை. இங்கிலாந்தில் அரச திருச்சபை இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அயர்லாந்தில் 1871இலும் வேல்ஸில் 1920இலும் அது நீக்கப்பட்டது. அங்குள்ள பெரும்பான்மையோர் அச்சபையைச் சார்ந்தோர் அல்லர் என்பதே காரணம்.

இங்கே பெரும்பான்மையோர் பௌத்தர்தாமே, 2012 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 70.2 பேர், என்ற வாதம் உடனே எழும். எழுபது பேர் தாமாகவே பின்பற்றும் மதத்துக்குச் சட்டத்தின் ஊன்றுகோல் எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த எழுபது பேரின் பெயரால் தெருவில் வேறு வாக்கியம் எழுதப்படுவதையும் கண்டிருக்கிறோம். 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, தம்புள்ளையில் பிக்குகள் முன்னிற்க ஒரு கூட்டம் பள்ளிவாசலைத் தாக்கியது. இது புனித பூமி, பள்ளிவாசலை அகற்று என்பது அவர்களின் கோரிக்கை. அருகிலிருந்த காளி கோயிலும் போக வேண்டும் என்றார்கள். விஷ்ணுவைக் குகைக்குள் வைத்துக் கும்பிடும் தம்புள்ளையில், காளிக்கு வெளியே இடமில்லை! 9ஆம் உறுப்புரை பள்ளிவாசலை உடைக்கச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் முதலிடம் என்று எழுதிய சொல்லைச் சட்டத்தரணி ஒருவிதமாகவும் தெருவில் நிற்பவன் வேறுவிதமாகவும் வாசிப்பான். எழுதுபவன் இருவரையும் எண்ணியே எழுத வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம்மவர் பக்கம் திரும்பாமல் போனால் அது நேர்மையாகாது. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம், தமிழர் அரசு மதச்சார்பற்றதாக இருக்கும், எல்லா மதங்களுக்கும் சமமான பாதுகாப்பு அளிக்கும் என்று அழகாக எழுதியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் கூண்டோடு வெளியேற்றப்பட்டபோது அந்த அழகிய வசனம் எங்கே போயிற்று? 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சைவர் கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தபோது, கதவை அடைத்தவர்கள் பிற மதத்தவர் அல்லர். சமய சமத்துவம் பற்றி அரசுக்கு எழுதுகின்ற நாம், நமது வாசற்படியையும் வாசித்துப் பார்க்க வேண்டும். மதச்சார்பின்மை என்ற சொல்லைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை என்பதற்கு இவையே காரணம்.

அப்படியானால் வாக்கியத்தை எப்படித்தான் எழுதுவது? மதங்களை வரிசைப்படுத்தும் வாக்கியம் எதுவாயினும், ஒன்றை முதலாக வைப்பதானாலும் நான்கையும் சமமாக வைப்பதானாலும், அதன் எழுவாய் மதமாகவே இருக்கிறது. நான்கு மதங்களைச் சொன்னால் ஐந்தாவதைச் சேர்ந்தவனும் எம்மதமும் வேண்டாதவனும் வெளியே நிற்பார்கள். எழுவாயை மாற்ற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இந்நாட்டு மண்ணில் நிற்கும் ஒவ்வொரு ஆளும், பிரசையாயினும் அல்லாவிடினும், தன் தெய்வத்தைக் கும்பிடவும் கும்பிடாமல் விடவும், கூடி வழிபடவும், தன் வழிபாட்டிடம் உடைபட்டால் அரசைக் கேள்வி கேட்கவும் உரியவர் என்று அந்த வாக்கியம் தொடங்கட்டும். பௌத்தப் பழஞ்சுவடியைக் காப்பதும் குகை ஓவியத்தைப் பேணுவதும் அரசின் வேலையாக இருக்கட்டும். அது இந்நாட்டார் எல்லோருக்கும் உரிய முதுசொம். ஆனால் நம்பிக்கைக்கு இடம் ஒதுக்கும் வேலை அரசுக்கு வேண்டாம். 1815இன் வாக்குறுதி மீறப்பட்டதால் பௌத்தர் பட்ட காயமும், 1972இன் வாக்குறுதி எட்டாததால் தோட்டத் தமிழர் பட்ட காயமும் ஒரே மாதிரியானவை. இரண்டிலும் மதத்துக்குச் சொல் கொடுக்கப்பட்டது. மனிதனுக்கு உரிமை கொடுக்கப்படவில்லை.

9ஆம் உறுப்புரையை மாற்றுவதற்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். அது எளிதில் நடக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். 2016, 2017இல் புதிய யாப்புக்கான முயற்சி நடந்தபோது இந்த உறுப்புரைக்கு மாற்று வடிவங்கள் பேசப்பட்டன. அந்த முயற்சியும் இடைவழியில் நின்றது. அதற்காக வாக்கியத்தை வாசிப்பதையும் விவாதிப்பதையும் நாம் நிறுத்த வேண்டியதில்லை. குறைந்தது, அதன் பிற்பகுதியையாவது உரத்துப் படிக்கப் பழகுவோம். சிங்கள நண்பரோடு அமர்ந்து, அவர் மொழியிலும் நம் மொழியிலும் படிப்போம். அவருக்கு 1848ஐப் பற்றிச் சொல்ல இருக்கும். நமக்கு 1948ஐப் பற்றிச் சொல்ல இருக்கும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு முடித்த பின்னர் எழுதப்படும் வாக்கியம் இதைவிட நன்றாக இருக்கும் என்றே நம்புகிறேன்.